பாசி வேலியும் வெண்ணாச்சியின் கூச்சலும்

மீனும் பறவையும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போதெல்லாம் ஆலாப் பறவை மீனைக் கண்டால் வாயே திறக்காது என்று சொன்னால் நம்புவீர்களா? இன்றைக்குக் கடற்கரையில் காது கிழியக் கத்துகிறதே, அதே ஆலாவைத்தான் சொல்கிறேன். வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டதுபோல அப்படி ஓர் அமைதி.

காரணம் ஒரு சண்டை. ஒரே கடலைச் சுற்றி மூன்று நாடுகள் இருந்தன. மேற்குக் கரை ஆலாக்களுடையது. கிழக்குக் கரை நீர்க்காகங்களுடையது. தெற்கே இருந்த தீவு கூழைக்கடாக்களுடையது. ஒரு நாள் ஒரு மத்தி மீனை, ஆமாம், ஒரே ஒரு மத்தி மீனை, மூன்று நாட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் கவ்விவிட்டார்கள். மீன் மூன்று துண்டானது. நடுத்துண்டு யாருக்கு என்று பேச்சு வளர்ந்து, கடைசியில் கடலையே மூன்றாகப் பங்கு போட்டுக்கொள்வது என்று முடிந்தது.

பங்கு போட்டால் எல்லை வேண்டுமே. நிலம் என்றால் கல் நடலாம், கடலில் எதை நடுவது? மூன்று நாட்டுப் பெரியவர்களும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு, கடைசியில் கடல்பாசியைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி வந்து தண்ணீரில் வரிசையாக மிதக்கவிட்டார்கள். அதுதான் வேலி. மிதக்கிற பொருளில் வேலி போட்ட புத்திசாலிகளை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க முடியாது. காலையில் மேற்கே இருக்கிற வேலி சாயங்காலம் கிழக்கே போயிருக்கும். நேற்று இங்கேதானே இருந்தது என்று தினமும் வழக்கு. வழக்கு முற்றிப்போய், வேலிக்குக் கூப்பிடு தூரத்துக்குள் எந்த நாட்டுப் பறவையும் வரக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டார்கள்.

அதோடு விட்டார்களா? ஒவ்வொரு நாடும் தனியாக இன்னொரு சட்டமும் வைத்துக்கொண்டது. மீனைக் கண்டால் சத்தம் போடக்கூடாது, பக்கத்து நாட்டுக்குக் கேட்டுவிடும். ஆலாக்களின் கரையில் அதை மீறுகிறவருக்குக் கூடு பறிபோகும்.

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு மீன் குறைந்தது. பிறகு அடியோடு இல்லாமல் போனது.

மேற்குக் கரையில் வெண்ணாச்சி என்று ஓர் ஆலா இருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு குஞ்சு. வெண்ணாச்சியிடம் ஒரு கெட்ட பழக்கம், எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்பாள். கூட்டத்தின் தலைவர் கொண்டையன், மீனையெல்லாம் நீர்க்காகங்கள் திருடிவிட்டன என்று அறிவித்தபோது எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவள் மட்டும் ஆட்டவில்லை. திருடித் தின்கிறவர்கள் என்றால் கொழுத்தல்லவா இருக்க வேண்டும், நீர்க்காகங்கள் ஏன் விலா எலும்பு தெரிய இளைத்துக் கிடக்கின்றன என்று கேட்டாள். உனக்கெதற்கு அந்த ஆராய்ச்சி என்று கொண்டையன் சிடுசிடுத்தார். அவர் வீட்டுக் குஞ்சும் பட்டினிதான், பாவம். தலைவர் என்பதால் வெளியே சொல்ல முடியவில்லை.

ஒரு நாள் காலை வெண்ணாச்சி வெறும் வாயோடு கூட்டுக்குத் திரும்பினாள். மற்ற நாளெல்லாம் அவள் நிழல் விழுந்ததுமே குஞ்சு வாயைப் பிளக்கும். அன்றைக்கு அது வாயைத் திறக்கவில்லை, கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. இன்று ஒரு மீன் கிடைக்காவிட்டால் நாளைக்குக் குஞ்சு இல்லை.

திரும்பவும் பறந்தாள். எத்தனை மீன் இருந்தது இந்தக் கடலில், அத்தனையும் ஆவியாகவா போய்விட்டது என்று அவளுக்கு ஒரே குடைச்சல். தங்கள் பங்குக் கடலை ஒரு மூலை விடாமல் பார்த்துவிட்டாள். பார்க்காத இடம் என்று மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். யாருமே போகாத இடம். வேலி.

போனால் என்னதான் ஆகும் என்று போய்விட்டாள். உச்சி வெயிலில் பாசிக்கு நேர் மேலே நின்று கீழே பார்த்தால், அடேயப்பா! பாசியின் நிழலில் மத்தி மீன் மொய்த்துக் கிடக்கிறது. மூன்று நாட்டு மீனும் அங்கேதான். மேலாக நீந்திக்கொண்டிருந்த ஒரு கொழுத்த மத்தி அவளைப் பார்த்துச் சிரித்தது.

"நல்ல இடமாகப் பார்த்து வேலி போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள் தாயி. நிழல் இருக்கிறது, தீனி இருக்கிறது, ஓர் அலகு கிட்டே வருவதில்லை. உங்கள் சண்டை நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்!"

வெண்ணாச்சிக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பற்றிக்கொண்டு வந்தது. சர்ரென்று பாய்ந்தாள். மீன்கள் ஒரு முழம் கீழே இறங்கிக்கொண்டன. மறுபடியும் பாய்ந்தாள், மறுபடியும் இறங்கின. ஆலாவால் அவ்வளவுதான் முடியும். உயரத்திலிருந்து எதையும் பார்த்துவிடுவாள், ஆழத்துக்குப் போகத் தெரியாது.

அந்த நேரத்தில் தூரத்தில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. நீர்க்காகம் முத்திருளன். எல்லைத் தகராறில் தினமும் எதிர்ப்பக்கம் நின்று வாதாடுகிறவன். அவன் மூச்சைப் பிடித்து முங்குவதும், வெறும் வாயோடு மேலே வருவதும், மறுபடி முங்குவதுமாக இருந்தான். ஆழத்துக்குப் போக அவனால் முடியும், எங்கே போவதென்றுதான் தெரியாது.

வெண்ணாச்சி ஒரு கணம் அந்தரத்தில் சிறகடித்து நின்றாள். கத்தினால் கூடு போகும். கத்தாவிட்டால் கூட்டுக்குள் இருப்பது போகும். அதுவரை எந்த ஆலாவும் செய்யாததைச் செய்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். அந்தச் சத்தம் மூன்று கரைக்கும் கேட்டது.

"முத்திருளண்ணே, மீனெல்லாம் வேலிக்கு அடியிலே! நீ கீழேயிருந்து வா, நான் மேலே நிற்கிறேன்!"

முத்திருளன் நம்பவில்லை. கிட்டே நீந்தி வந்து, எனக்கு எதற்காகச் சொல்கிறாய் என்று சந்தேகத்தோடு கேட்டான்.

"எனக்கு எட்டவில்லை, அண்ணே. என் குஞ்சு வாய் திறக்கவில்லை."

முத்திருளனுக்கும் கரையில் இரண்டு குஞ்சுகள் பசியோடு கிடந்தன. முங்கினான். கீழேயிருந்து கறுப்பாய் ஒன்று வருவதைக் கண்ட மத்திகள் அலறி மேலே துள்ளின. மேலே வெண்ணாச்சி காத்திருந்தாள். பக்கவாட்டில் ஓடப் பார்த்தவற்றை, சத்தம் கேட்டு வந்திருந்த கூழைக்கடாக்கள் வட்டமாகச் சூழ்ந்துகொண்டு தண்ணீரை அடித்து நடுவே விரட்டின. நூறு வருஷம் என்று வாழ்த்திய மத்தி முத்திருளன் வாய்க்குள் போனது. இந்த அமளியில் பாசி வேலி துண்டு துண்டாகப் பிய்ந்து திசைக்கொன்றாக மிதந்து போனதை யாரும் கவனிக்கக்கூட இல்லை.

வெண்ணாச்சி இரண்டு மீனை அலகில் இடுக்கிக்கொண்டு கரைக்கு வந்தாள். கொண்டையன் அவள் கூட்டின் மேலேயே நின்றிருந்தார். சுற்றிலும் கூட்டம். அவள் யாரையும் பார்க்காமல், ஒரு மீனைக் கீழே வைத்துவிட்டு மற்றதைக் குஞ்சின் வாயருகே கொண்டுபோனாள். முதல் தடவை தொட்டபோது குஞ்சு அசையவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை வாய் மெல்லத் திறந்தது. மீன் உள்ளே போனது.

"சட்டம் தெரியுமில்லையா, வெண்ணாச்சி?" என்றார் கொண்டையன்.

"தெரியும் பெரியவரே. கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள்." பிறகு கீழே கிடந்த மீனை அலகால் அவர் பக்கம் தள்ளினாள். "இதையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குஞ்சும் காலையில் வாய் திறக்கவில்லை. நான் பார்த்தேன்."

கொண்டையன் குனிந்து அந்த மீனைப் பார்த்தார். கூட்டமும் அவரைப் பார்த்தது. கடைசியில் அவர் வெண்ணாச்சியின் கூட்டை விட்டு இறங்கி, மீனைக் கவ்விக்கொண்டு தன் கூட்டுக்கு நடந்தார்.

மறுநாள் விடிந்ததும் கடல்மேல் ஓர் ஆலாவின் கூச்சல் கேட்டது. வெண்ணாச்சிதான் என்று எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வெண்ணாச்சி கூட்டில்தான் இருந்தாள். கத்திக்கொண்டிருந்தவர் கொண்டையன். பழக்கமில்லாத தொண்டை, கரகரவென்று இருந்தது.

மத்திக்கு மட்டும் இன்னும் புத்தி வரவில்லை. மிதக்கிற பாசியைக் கண்டால் பழைய நினைப்பில் இப்போதும் நிழலுக்குப் போய் ஒதுங்கிவிடுகிறது. ஆலா கீழே பார்த்துக்கொண்டே பறப்பதும், மீனைக் கண்டால் தின்பதற்கு முன்னால் ஊரைக் கூட்டுவதும், அந்தச் சத்தத்துக்கு எந்தக் கரை நீர்க்காகமும் கூழைக்கடாவும் கேள்வி கேட்காமல் வந்து சேருவதும், அங்கே பார்த்து நம் மீன்பிடிப் படகுகள் திரும்புவதும் கொண்டையன் கத்திய அந்தக் காலையிலிருந்துதான்.