பரீட்சைக்கு முள் கேட்டவர்கள்

அன்று தேக்கங்காட்டுக் கல்லூரியில் பரீட்சை. வந்திருந்தவர்கள்: புள்ளிமான்கள் மூன்று, முயல்கள் ஐந்து, குரங்குகள் இரண்டு, மயில் ஒன்று, கீரி ஒன்று. ஆக மொத்தம் பன்னிரண்டு மாணவர்கள். ஆசிரியை ஒருவர். அவர் ஒரு முள்ளம்பன்றி. அவர் முதுகில் நீண்ட முட்கள் முப்பத்தொன்று இருந்தன.

தேக்கு இலையில் முள்ளால் கீறி விடை எழுதுவது அந்தக் கல்லூரி வழக்கம். இலை மரத்தடியிலேயே கிடக்கும். முள்ளை அவரவர் கொண்டுவர வேண்டும். இலந்தைப் புதர் வழியிலேயே இருந்தது. ஆனாலும் கீரி மட்டும்தான் முள் கொண்டுவந்திருந்தது.

“மேடம், ஒரே ஒரு முள்!” என்றது மூத்த மான்.

“நேற்றே சொன்னேனே!”

“மறந்துட்டேன், மேடம். உங்க முதுகிலதான் நிறைய இருக்கே!”

“இது முதுகா, கடையா?” என்றார் ஆசிரியை. ஆனால் முள் இல்லாவிட்டால் பிள்ளைகள் எழுதாமலே போய்விடுவார்களே என்று அவருக்குக் கவலை. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி நின்றார்.

மயிலும் வரிசையில் வந்தது.

“உனக்கென்னம்மா? உடம்பு முழுக்க இறகு! அதன் காம்பால் எழுதலாமே!”

“ஐயோ, இறகு போனா அழகு போயிடுமே, மேடம்!”

“என் முள் போனால்?”

மயில் அவர் பின்னால் போய் நின்றது. ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போனது. இப்படிப் பதினொரு பேருக்குப் பதினொரு முட்கள் போயின.

ஆசிரியை முதல் கேள்வியைச் சொன்னார். “மேற்கிலிருந்து காற்று வீசினால், சிறுத்தை எந்தப் பக்கம் பதுங்கியிருக்கும்?”

“இதை எப்ப நடத்தினீங்க, மேடம்?” என்றது ஒரு குரங்கு.

“மூன்று முறை நடத்தினேன்! மூன்று முறையும் நீ தூங்கினாய்!”

கீரி எழுதியது: “கிழக்கே. காற்று நம்மிடமிருந்து அதனிடம் போகும். அதனால் அதன் வாடை நமக்கு வராது.” மான்கள் சிறுத்தையின் புள்ளிகளைப் பற்றி இலை நிறைய எழுதின. முயல்கள் கேள்வியையே திருப்பி எழுதின. விடை தெரியாத கோபத்தில் அழுத்திக் கீறியதில் ஒன்பது முட்கள் முறிந்தன. மறுபடியும் வரிசை! இன்னும் ஒன்பது போயின.

அடுத்தவர் இலையைக் காப்பியடிக்கக் கழுத்தை நீட்டிய குரங்குக்குத் தூரத்தில் புதர் அசைவது தெரிந்தது.

“சிறுத்தை! சிறுத்தை!” என்று கத்திக்கொண்டே அது மரத்தில் ஏறிவிட்டது.

“எந்தப் பக்கம்?” என்று கேட்டது சின்ன முயல். பதில் சொல்ல அங்கே யாரும் நிற்கவில்லை. காற்று மேற்கிலிருந்துதான் வீசிக்கொண்டிருந்தது. முயல் நேராகக் கிழக்கே ஓடியது.

புதருக்குள் இரண்டு கண்களைப் பார்த்ததும் அது அங்கேயே நின்றுவிட்டது. ஆசிரியை ஓடிவந்து நடுவில் புகுந்தார். முதுகைத் திருப்பி முட்களைச் சிலிர்த்தார்.

“வணக்கம், மேடம்!” என்று சிரித்தது சிறுத்தை. “காலையிலிருந்து எண்ணிக்கிட்டே படுத்திருக்கேன். முப்பத்தொன்று இருந்தப்ப நான் அசையவே இல்லை. இப்ப பதினொன்று. கணக்கு சரிதானே?”

“சரிதான். பதினொன்றும் கூர்தான். வந்து பார்!”

சிறுத்தை பாய்ந்தது. அதன் நகம் ஆசிரியையின் தோளைக் கிழித்தது. அவர் விலகவில்லை, வேகமாகப் பின்னால் மோதினார். நான்கு முட்கள் சிறுத்தையின் பாதத்தில் ஏறின. அது மூன்று காலில் நொண்டிக்கொண்டு போய்விட்டது.

ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஆசிரியையின் தோளில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. சின்ன முயல் கேட்டது.

“மறுபரீட்சை எப்போ, மேடம்?”

“முட்கள் முளைக்கட்டும்,” என்றார் ஆசிரியை அமைதியாக. “அதுவரை ஒளிவதற்கு என் முதுகில் இடமில்லை. காற்று எங்கிருந்து வருகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.”

தயாராகாமல் பரீட்சைக்கு வருகிறவன் தான் மட்டும் தோற்பதில்லை. தனக்குத் துணை நிற்பவரின் பலத்தையும் பிடுங்கிவிடுகிறான்.

அன்று மிச்சமிருந்த முட்கள் ஏழு.