ஒரு கரண்டி உறைமோர்

“இந்த ஊரே எனக்கு வேண்டாம் அம்மா. மடத்திலே ஒரு மூலை கொடுங்க, கிடந்துட்டுப் போறேன்” என்றார் அம்பலவாணர்.

அவர் அரிசி ஆலை முதலாளி. வயது அறுபத்தொன்று. மடத்தின் தலைவி ஞானாம்பாள் அவரைவிட இருபது வயது இளையவள்.

“ஊர் உங்களை என்ன செய்தது?”

“ஒண்ணும் செய்யல. அதுதான் குறை. கோயிலுக்குக் கூரை போட்டேன். பள்ளிக்கூடத்துக்குச் சுவர் கட்டினேன். என்னைக் கண்டா எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க. ஆனா ஒருத்தரும் என் வீட்டுப் படி ஏறுறதில்லை. எம் பொண்டாட்டி போனதிலிருந்து வீட்டுக்குள்ள என் இருமல் சத்தம்தான் கேக்குது.”

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. பெரிய மனுஷனுக்கும் அழுகை சின்னப் பிள்ளை அழுகைதான்.

“மடத்துப் பாலுக்கு உறைமோர் இல்லை” என்றாள் ஞானாம்பாள். “ஒரு கரண்டி வாங்கிட்டு வாங்க. மூலையைப் பற்றி அப்புறம் பேசலாம்.”

இது ஒரு வேலையா? ஆலைக்குப் போன் போட்டார். கால் மணி நேரத்தில் இரண்டு குடம் தயிர் வந்து இறங்கியது.

அவள் அதைப் பந்திக்கு அனுப்பினாள். “உறைமோர் எங்கே?”

மறுநாள் ஒரு கிண்ணத்தோடு வந்தார்.

“யார் வீட்டு மோர்?”

“எதிர்வீட்டுப் பேச்சியம்மா. டிரைவரை அனுப்பி வாங்கினேன். பதிலுக்கு ஒரு மூட்டை பொன்னி கொடுத்தாச்சு.”

“ஒரு கரண்டி மோருக்கா?”

“சும்மா வாங்கிப் பழக்கமில்லையே அம்மா.”

“மோரைத் திருப்பிக் கொடுத்துடுங்க. நாளைக்கு நீங்களே போங்க. வெறுங்கையோட போய்க் கேளுங்க.”

அம்பலவாணருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மனிதர் பிடிவாதக்காரர். படுத்துவிட்ட ஆலையை ஒற்றை ஆளாக நிமிர்த்தியவர், ஒரு கரண்டி மோரிடமா தோற்பார்?

மூன்றாம் நாள் மாலை தெருவைக் கடந்தார். பாதியில் திரும்பினார். மறுபடி கடந்தார். விளக்கு வைத்துவிட்டால் அந்த ஊரில் யாரும் மோர் கொடுக்க மாட்டார்கள். பேச்சியம்மாள் திரி கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“என்ன முதலாளி?” அவள் பதறி எழுந்தாள்.

போய்விடலாமா என்று கால் சொன்னது. அவர் காலை ஊன்றி நின்றார்.

“கொஞ்சம் உறைமோர் வேணும் தாயி. எங்கிட்ட இல்ல.”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு ஒரு சில்வர் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். பதிலுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அன்று மடத்துப் பால் உறைந்தது.

காலையில் அவர் வீட்டுக் கதவு தடதடவென்று அதிர்ந்தது.

“ஏன் அண்ணாச்சி, வாங்குன கிண்ணத்தைத் திருப்பித் தரணும்னு தெரியாதா? எம் பேரன் கஞ்சிக்கு உக்காந்திருக்கான்!”

அண்ணாச்சி! அவர் ஓடிப்போய்க் கிண்ணத்தை எடுத்துவந்தார். அதற்குள் பேச்சியம்மாள் படியேறி முற்றத்துக்கு வந்து, கறிவேப்பிலை மரத்தடியில் நின்றிருந்தாள்.

“ரெண்டு கொத்து ஒடிச்சிக்கிடட்டுமா? தெருவே இந்த மரத்தைத்தான் பாத்துக்கிட்டிருக்கு. கேக்கத்தான் வெக்கம்.”

‘வீட்டுக்கு ஒரு கட்டு அனுப்பிவைக்கிறேன்’ என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அம்பலவாணர் அதை விழுங்கினார்.

“வந்து கேக்கச் சொல்லு தாயி” என்றார்.