கருப்புத் தொட்டித் தண்ணீர்

உடுமலைப் பக்கம் கோகிலவாணி என்று ஒருத்தி கறிக்கோழி வளர்த்து வந்தாள். அக்னி நட்சத்திரத்தில் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் செத்த கோழிகளுக்குக் குழி தோண்டிக்கொண்டிருப்பார்கள். அவள் பண்ணையில் மட்டும் மண்வெட்டி சும்மா கிடக்கும். ஊர் வாய் சும்மா இருக்குமா? தண்ணீரில் ஏதோ வேர் போடுகிறாள் என்றார்கள். பாலக்காட்டிலிருந்து ரகசியமாகத் தைலம் வருகிறது என்றார்கள். கேட்டால் அவள் சிரிப்பாள்.

இந்தக் குருவுக்கு வயது முப்பத்து நான்கு. இவளைத் தேடி வந்த சீடருக்கு அறுபத்தொன்று.

சீடரின் பெயர் வெள்ளிங்கிரி. அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்து மூன்று வருஷம் ஜன்னல் வழியாக மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு அவர் கம்பவுண்டர்தான். ஓய்வுக்குப் பிறகு கோழி செட் ஒன்று போட்டு, கம்பெனிக் குஞ்சுகளை வாங்கி வளர்த்தார். முதல் பேட்ச் பங்குனிக் கடைசியில் இரண்டே மத்தியானத்தில் மூன்றில் ஒரு பங்கு செத்துப்போனது. கம்பெனி சூப்பர்வைசர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "இந்த பேட்சும் வெயில்ல போச்சுன்னா, இனி உங்களுக்குக் குஞ்சு கிடையாதுங்க."

இரண்டாவது பேட்சுக்கு இருபத்தெட்டு நாள் ஆகியிருந்தது. கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவர் வெட்கத்தை விட்டுவிட்டு கோகிலவாணியின் பண்ணைக்குப் போனார்.

"அம்மணி, நீ தண்ணியில என்ன கலக்கறே?"

"வைட்டமின் சி. எலக்ட்ரோலைட் தூளு. ரொம்பச் சுட்டா ஒரு பங்கு சோடா உப்பு."

"அதையேதான் நானும் கலக்கறேன்."

"அப்பச் சரிங்க."

"என்ன சரி? உன்ற கோழி நிக்குது, என்ற கோழி சாவுது. எத்தன கிராம் போடறே?"

"பாக்கெட்டுல போட்டிருக்கற அளவு."

வெள்ளிங்கிரிக்குக் கோபம் வந்தது. மறைக்கிறாள் என்றே நினைத்தார். அளவில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. மருந்துத் தராசு வைத்து நிறுப்பவர். பாக்கெட்டில் 'குளிர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று போட்டிருந்ததால், வீட்டு ஃபிரிட்ஜில் பால் பாத்திரத்தை நகர்த்திவிட்டு, தூள் பாக்கெட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். காலை ஏழு மணிக்கு மொத்த நாளைக்கும் சேர்த்துத் தொட்டியில் கரைத்துவிடுவார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று ஆயிரம் நோயாளிகளுக்குச் சொன்ன மனுஷன், பயத்தில் போன வாரம் இரட்டை அளவும் போட்டுப் பார்த்துவிட்டார். ஊருக்குத்தான் உபதேசம்.

"நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு உங்க பண்ணைக்கு வாரேனுங்க மாமா," என்றாள் கோகிலவாணி. "அதுக்குள்ள உங்க கோழி எந்நேரத்துல தண்ணி குடிக்குதுன்னு பார்த்து வையுங்க."

அவர் பார்க்கவில்லை. கோழி தண்ணீர் குடிப்பதை உட்கார்ந்து பார்க்க என்ன இருக்கிறது? அன்று பூராவும் தராசைத் துடைத்து, அளவுகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்.

மறுநாள் சொன்ன நேரத்துக்கு அவள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். செட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். நாலாயிரம் கோழியும் இறக்கையை விரித்து, வாயைப் பிளந்து இரைத்துக்கொண்டிருந்தன. தீவன டப்பாக்கள் விளிம்பு வரை நிறைந்திருந்தன. தண்ணீர்க் குழாய் வரிசையில் ஒரு கோழிகூட இல்லை.

"மாமா, ஒரு டம்ளரு குடுங்க."

தாகம் போலிருக்கிறது, வந்தவளுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையே என்று பதறி, அவர் வீட்டுக்குள் ஓடிப் பெரிய எவர்சில்வர் டம்ளரோடு வந்தார். பானைத் தண்ணீர் கொண்டுவரத் திரும்பியவரை அவள் நிறுத்தினாள். அவர் செட்டுக்கு இரண்டு தொட்டி உண்டு. இன்று மருந்து கலக்காமல் விட்ட தொட்டியின் வெறும் தண்ணீரைக் குழாயில் திறந்துவிடச் சொன்னாள். செட்டின் கடைசி முனையில் டம்ளரைப் பிடித்தாள். பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துப் பிழிந்தாள். உப்பும் சர்க்கரையும் போட்டுக் கலக்கி, அவரிடமே நீட்டினாள்.

"குடியுங்க. வெயில்ல அலைஞ்சிருக்கீங்க."

அவர் ஒரு வாய் குடித்தார். குடித்த வேகத்தில் துப்பினார்.

"என்னங்க, உப்பு எச்சாப் போச்சா?"

"இல்ல."

"சர்க்கரை பத்தலீங்களா?"

"அதெல்லாம் சரியாத்தான் இருக்குது. சுடுது அம்மணி! வெந்நியா இருக்குது!"

"சத்து பூராவும் உள்ள இருக்குதுங்களே. கண்ண மூடிட்டுக் குடிச்சிருங்க."

"இதை எப்படிக் குடிக்கறது?"

அவள் செட்டுக்குள் இரைத்துக்கொண்டிருந்த கோழிகள் பக்கம் திரும்பி நின்றாள்.

வெள்ளிங்கிரி ஏணியில் ஏறினார். வெட்டவெளியில் நின்றிருந்த கருப்பு பிளாஸ்டிக் தொட்டியில் கை வைத்தார். வைத்த கையை உதறி எடுத்தார். அந்தச் சூட்டில் வைட்டமின் சி வீரியம் கெட்டுப்போகும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பரீட்சையில் எழுதித் தேறிய பாடம் அது. பாக்கெட்டை ஃபிரிட்ஜில் பொத்தி வைத்துவிட்டு, மருந்தைக் கொண்டுபோய் உலையில் கொட்டியிருக்கிறார்.

ஏணியில் நின்றபடியே அவருக்கு அந்த ஜன்னல் நினைவுக்கு வந்தது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று சொல்லி எத்தனை மாத்திரை கொடுத்திருப்பார். ஜன்னலைத் தாண்டி அந்த மாத்திரைகள் யார் வயிற்றுக்குப் போயின, எந்தக் குப்பைக்குப் போயின என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

இறங்கி வந்தார்.

"இப்ப நான் என்ன பண்ணட்டும் அம்மணி?"

"அந்த டம்ளர்ல எப்படிக் குடுத்தா நீங்க குடிப்பீங்களோ, அப்படிக் குடுங்க."

"தீவனம்?"

"இந்த வெயில்ல உங்களுக்குப் பிரியாணி போட்டா உண்பீங்களா?"

"வெயில் நேரத்துல தீவன டப்பாவைத் தூக்கிட்டா எடை குறையுமே?"

"செத்த கோழிக்கு என்ன எடைங்க மாமா?"

சொல்லிவிட்டு அவள் கிளம்பிப் போய்விட்டாள். எப்படிச் செய்வது, எத்தனை மணிக்கு ஒருமுறை செய்வது, ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிங்கிரியும் கேட்கவில்லை. கேட்காமலே வேலை செய்யும் துணிச்சல் அன்றைக்குத்தான் அவருக்கு வந்தது.

சாயங்காலமே இரண்டு தொட்டிகளின் மேலும் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டார். தொட்டிகளைச் சுற்றிச் சாக்கு கட்டி நனைத்தார். வெயிலில் கிடந்த குழாயை மண்ணுக்குள் புதைத்தார். விடியற்காலையில், குளிர்ச்சி இருக்கும்போதே வயிறாரத் தீவனம் வைத்தார். பத்து மணிக்கு டப்பாக்களை மேலே தூக்கிக் கட்டினார். மருந்தை ஒரேயடியாகக் கரைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மணிக்கு ஒருமுறை புதிதாகக் கலக்கினார். ஒவ்வொரு மணிக்கும் குழாயின் கடைசி முனையைத் திறந்து சூடேறிய தண்ணீரை வெளியே விட்டார். விட்டபின் ஒரு வாய் தானே குடித்துப் பார்த்தார். கம்பவுண்டர் கோழித் தண்ணி குடிக்கிறார் என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

முப்பத்தாறாம் நாள்தான் சோதனை வந்தது. மத்தியானம் ஒரு மணிக்குக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. ஒரு இலை அசையவில்லை. பங்குனியில் இதே மாதிரி ஒரு நாளில்தான் கோழிகள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. ஒன்றரைக் கிலோவைத் தாண்டிய கோழி, சூட்டை இறக்க வழியில்லாமல் நின்ற இடத்திலேயே விழுந்துவிடும்.

கரண்ட் போன பிறகு அவர் மருந்துத் தராசைத் தொடவே இல்லை. சாக்குகளை நனைத்தார். ஓடிப்போய்க் குழாய் முனையைத் திறந்தார். குளிர்ந்த தண்ணீர் வந்ததும் மூடினார். மறுபடி சாக்கு, மறுபடி குழாய். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நாலு மணி வரை இதையே செய்தார்.

நடுவில் ஒருமுறை செட்டின் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குழாய் வரிசை நெடுகக் கோழிகள் முண்டியடித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு கோழி அலகை உயர்த்திக் குழாயின் குமிழைத் தட்டியது. சொட்டு இறங்கியது. தொண்டை ஏறி இறங்கியது. மறுபடி தட்டியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"குடி சாமி, நல்லாக் குடி," என்றார்.

சாயங்காலம் ஏழு கோழி செத்துக் கிடந்தன. மற்றவை நடமாடிக்கொண்டிருந்தன.

நாற்பத்தோராம் நாள் கோழி பிடிக்க லாரி வந்தது. சூப்பர்வைசர் செட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். அந்த வட்டாரத்தில் அந்த வாரம் இப்படி ஒரு பேட்சை அவர் பார்க்கவில்லை.

"அடுத்த குஞ்சு வர்ற வெள்ளிக்கிழமை இறக்கிருவோமுங்க. ஆனா ஒண்ணு, என்ன புது மருந்து குடுத்தீங்கன்னு சொல்லோணும். மத்த பண்ணைக்கும் சொல்லிருவேன்."

"நாளைக்குச் சொல்றேனுங்க," என்று சமாளித்துவிட்டு, வெள்ளிங்கிரி நேராகக் கோகிலவாணியிடம் போனார். அவள் காலியான செட்டில் குழாய் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன மருந்து குடுத்தேன்னு கேக்கறாரு அம்மணி. பந்தல், சாக்குன்னு சொன்னா நம்ப மாட்டாரு. மருந்துதான் வேணுமாம்."

"மருந்துதானுங்களே குடுத்தீங்க."

"அது பழைய மருந்தாச்சே? அதே வைட்டமின் சி, அதே எலக்ட்ரோலைட்டு, அதே அளவு. அதைக் குடுத்துத்தானே போன பேட்ச் செத்துச்சு? நான் என்னன்னு சொல்றது?"

அவள் குழாயைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மருந்து அதேதான்னு சொல்லுங்க மாமா. இந்தத் தடவை கோழி குடிச்சுதுன்னு சொல்லுங்க."