கோழித் திருடனும் முட்டை அடைத்த கோழியும்

ஊருக்கு ஒரு ராஜா, ராஜாவுக்கு ஒரு சட்டம் என்று இருந்த காலம். ஆலங்கரை என்று ஓர் ஊர். அந்த ஊரில் சடையாண்டி என்று ஒரு கோழித் திருடன் இருந்தான். திருடனுக்கெல்லாம் ஒரு கதையா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். நல்லவனாகவே பிறந்து நல்லவனாகவே செத்தவனைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? உட்கார்ந்து கேளுங்கள்.

சடையாண்டி ராத்திரியில் திருடுகிறவன் இல்லை. உச்சி வெயிலில், ஊர் சோற்றைத் தின்றுவிட்டுக் கண்ணயரும் நேரமாகப் பார்த்துப் போவான். கையில் ஓர் ஈரத்துண்டு இருக்கும். அதைக் கோழியின் மேல் போட்டால் கோழி அப்படியே அடங்கிவிடும். கத்தாது, இறக்கை அடிக்காது. சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குளத்துக்குக் குளிக்கப் போகிறவன் மாதிரி நடந்து வந்துவிடுவான்.

இருந்தாலும் இரண்டு முறை அகப்பட்டிருந்தான். ராஜாவின் சட்டம் இப்படி. முதல் முறை அகப்பட்டால் புளியமரத்தில் கட்டிவைத்து அடி. இரண்டாம் முறை அகப்பட்டால் மொட்டையடித்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஊர்வலம். மூன்றாம் முறை அகப்பட்டால் வலது கை போய்விடும். பறிகொடுத்தவர் கேட்டால் ஊர்த்தலைவர் தண்டனை கொடுத்தே ஆகவேண்டும். அடியும் பட்டாயிற்று, கழுதையும் ஏறியாயிற்று. மிச்சம் இருந்தது கை ஒன்றுதான். "இனி தொடமாட்டேன்" என்று மனைவி சிலம்பாயி தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். ஒரு வருஷம் விறகு வெட்டிப் பிழைத்தான்.

அந்தச் சமயத்தில் சிலம்பாயி காய்ச்சலில் விழுந்தாள். ஒரு மாதம் கிடந்து எழுந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தாள். "கோழி ரசம் வைத்துக் கொடு, தேறிவிடுவாள்" என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர் கோழியைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

சடையாண்டி யோசித்தான். யோசித்துக்கொண்டே துண்டை நனைத்தான்.

அடுத்த தெருவில் உலகம்மை என்று ஒருத்தி. கயிறு திரித்து விற்பவள், தனிக்கட்டை, வாய் திறந்தால் ஊரே நடுங்கும். அவள் வீட்டு முருங்கை மரத்தடியில் புள்ளி போட்ட பெட்டைக்கோழி ஒன்று தனியாக உட்கார்ந்திருந்தது. இவன் கிட்டே போனான், ஓடவில்லை. குனிந்தான், அசையவில்லை. துண்டைப் போட்டான், முனகக்கூட இல்லை. 'ஒரு வருஷம் ஆனாலும் கைராசி போகவில்லை' என்று சந்தோஷமாக எடுத்துக்கொண்டு வந்தான். மடையன். நன்றாக இருக்கிற கோழி எதற்கு ஓடாமல் உட்கார்ந்திருக்கப்போகிறது?

வீட்டுக்கு வந்து துண்டை அவிழ்த்ததும் சிலம்பாயி பார்த்துவிட்டாள். திட்டக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

"சத்தியம் பண்ணின வாய் ஈரம் காயறதுக்குள்ள போயிட்டியா? அதுவும் சீக்குக் கோழியாப் பார்த்துத் தூக்கிட்டு வந்திருக்க. அடிவயித்தைத் தொட்டுப் பாரு."

தொட்டான். கல் மாதிரி ஒன்று தட்டுப்பட்டது.

"முட்டை அடைச்சிருக்கு. வெளிய வரமுடியாம நிக்குது. இதுல ரசம் வச்சுக் குடிச்சா நான் தேறவா, போய்ச் சேரவா?"

"சரி புள்ள, வேலிக்கு அந்தப் பக்கம் போட்டுட்டு வந்துடறேன்" என்று தூக்கினான். தூக்கிய கையிலேயே கோழி முக்கியது. உடம்பு முழுக்க நடுங்கியது. வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி முக்கியது.

சடையாண்டி நின்றுவிட்டான். இருபது வருஷமாகக் கோழியோடு பழக்கம். ஆனால் எந்தக் கோழியும் அவன் கையில் ஒரு நாழிகைக்கு மேல் உயிரோடு இருந்தது கிடையாது. கோழிக்கும் வலிக்கும் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பாவமாக இருந்தது. பாவம் என்று சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

"இதுக்கு ஒண்ணும் பண்ணமுடியாதா?" என்று எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான்.

சிலம்பாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பண்ணலாம். பொறுமை வேணும். உனக்கு அது எங்க இருக்கு? போ, வெந்நீர் வை. கை பொறுக்கிற சூடு இருந்தாப் போதும்."

அகலமான மண்சட்டியில் வெந்நீரை ஊற்றி, கோழியின் வயிறு முங்கும்படி உட்கார வைத்தான். திருட்டுத் துண்டை வெந்நீரில் முக்கிப் பிழிந்து முதுகில் போர்த்தினான். சிலம்பாயி பாயில் படுத்தபடியே சொல்லச் சொல்ல, விரலில் விளக்கெண்ணெய் தொட்டு முட்டை வரும் வாயில் தடவினான்.

"அமுக்கிடாத. உள்ள உடைஞ்சுதுன்னா கோழி பொழைக்காது. அது முக்கட்டும். நீ சும்மா பிடிச்சுக்க."

முதல் வெந்நீர் ஆறியது. முட்டை வரவில்லை. இரண்டாம் வெந்நீர் ஆறியது. முட்டை வரவில்லை, கோழியின் கொண்டை வெளுத்துத் தலை தொங்க ஆரம்பித்தது. சடையாண்டிக்குக் கை பரபரத்தது. லேசாக ஓர் அழுத்து அழுத்தினால் என்ன என்று விரலை வயிற்றில் வைத்தான். "கையை எடு" என்றாள் சிலம்பாயி. எடுத்தான். மூன்றாம் முறை வெந்நீர் வைத்தான். எண்ணெய் வழிந்த இடத்தில் நகக்கண் அளவுக்கு வெள்ளையாகத் தெரிந்தது.

அப்போதுதான் அடுத்த தெருவில் குரல் கேட்டது. "என் புள்ளிக் கோழியை எடுத்தவன் கை அழுகிப்போவ" என்று உலகம்மை வந்துகொண்டிருந்தாள். கூடவே ஊர்த்தலைவர், தலையாரி. வீடு வீடாகத் தேடினார்கள்.

சிலம்பாயி எழுந்து உட்கார்ந்தாள். "இந்தாய்யா, முட்டை போட்ட கோழி சும்மா இருக்குமா? ஊரைக் கூட்டிடுமே. இது மூணாந்தடவை."

"தெரியும்."

"துண்டைப் போட்டு மூடு."

"துண்டு ஆறிப்போச்சு. இந்தக் குளுமையை இப்ப இதும்மேல போட்டா விறைச்சுச் செத்துடும்."

"அப்ப உன் கை?"

அவன் உள்ளங்கையைக் கோழிக்கு அடியில் வைத்தான். கோழி கடைசியாக ஒரு முக்கு முக்கியது. முட்டை அவன் உள்ளங்கையில் விழுந்தது. சூடாக இருந்தது. ஓட்டில் கோடாக ரத்தம் ஒட்டியிருந்தது. கோழி அப்படியே சரிந்து கிடந்தது. அதன் அலகில் தண்ணீரைச் சொட்டு சொட்டாக விட்டான். மூன்றாம் வீட்டில் தலையாரியின் குரல் கேட்டது. பிறகு இரண்டாம் வீட்டில். பிறகு பக்கத்து வீட்டில்.

கோழி எழுந்தது. இறகை உதறியது. ஓர் அடி வைத்தது, இன்னோர் அடி வைத்தது, கழுத்தை நீட்டியது. அடுத்து என்ன வரும் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? கழுத்தைத் திருக ஒரு நொடி போதும். துண்டைப் போட அரை நொடி போதும். துண்டு அவன் வலது கையில்தான் இருந்தது.

அதைக் கொடியில் போட்டான். "கத்திக்க" என்றான்.

கத்தியது பாருங்கள். அத்தனை நேரம் பட்ட பாட்டையெல்லாம் சேர்த்துவைத்துக் கத்தியது. பக்கத்து வீட்டில் இருந்த மூன்று பேரும் அப்படியே இங்கே வந்து நின்றார்கள்.

"நான்தான் எடுத்தேன்" என்றான் சடையாண்டி, யாரும் கேட்பதற்கு முன்னால்.

உலகம்மை அவனைப் பார்க்கவில்லை. கோழியைப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள், எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தாள், அவன் கையில் இருந்த முட்டையைப் பார்த்தாள்.

ஊர்த்தலைவர் தொண்டையைச் செருமினார். "உலகம்மை, மூணாந்தடவை. நீ கேட்டா வலது கையை வாங்கணும். என்ன சொல்ற?"

"ரெண்டு நாளா இது மூலையில குந்திக்கிட்டு இருந்துச்சுங்க" என்றாள் அவள். "நான் என்ன பண்ணினேன்? செத்தா வீணாப் போயிடுமே, நாளைக்கு அறுத்துடலாம்னு அருவாமணையைத் தீட்டி வச்சேன். வளர்த்தவ கை அதைத்தான் பண்ணிச்சு. திருடின கை இதைப் பண்ணியிருக்கு. இதுல எந்தக் கையை வாங்குவீங்க?"

ஊர்த்தலைவர் தலையாரியைப் பார்த்தார். தலையாரி கோழியைப் பார்த்தான்.

"கை வேண்டாங்க எனக்கு" என்றாள் உலகம்மை. உடனே பழைய குரல் திரும்பிவிட்டது. "அதுக்காகச் சும்மா விட்டுடுவேன்னு நினைக்காதடா. நாளைக்கு விடிஞ்சதும் வா. கோழிக்கூட்டைத் திறந்து விடறதும், கூட்டி அள்ளறதும், சீக்கு வந்தாப் பார்க்கறதும் இனிமே உன் வேலை. ஒரு நாள் வரலேன்னாலும் நானே வந்து இழுத்துட்டுப் போவேன்."

திருடன் கையிலேயா கூட்டைக் கொடுத்தாள் என்று கேட்கிறீர்களா? கொடுத்தாள். கோழியை மடியில் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். சடையாண்டி முட்டையை நீட்டினான். அவள் வாங்கவில்லை. பாயில் உட்கார்ந்திருந்த சிலம்பாயியைக் காட்டி, "அவளுக்கு வேகவச்சுக் கொடு, ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சடையாண்டி திரும்பினான். ஒரு மாதக் காய்ச்சலில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத சிலம்பாயி, அவன் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கேட்டவர்களே, தனக்குக் கேடு வரும் என்று தெரிந்தும் ஒரு வாயில்லா ஜீவனைக் கைவிடாதவனே நல்லவன்.