எதிரே வருகிறவளிடம் ஒரு வார்த்தை

எறும்புக்கும் கரையானுக்கும் இடையே இன்னும் பகை முளைக்காத அந்தக் காலத்தில், ஒரு வேப்பமரத்தின் வேரடியில் எறும்புகளின் பழைய ஊர் இருந்தது. ஊர் என்று நான்தான் மரியாதைக்குச் சொல்கிறேன். உள்ளே போக ஒரே ஒரு சந்து, வெளியே வரவும் அதே சந்து. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தி ஒதுங்கி வழிவிட வேண்டும். ஒதுங்கியவள் சும்மா இருப்பாளா? என்ன சுமை, யாருக்கு உடம்பு சரியில்லை, யாரோடு யாருக்குக் கோபம் என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் நகர்வாள்.

ஓர் ஐப்பசியில் பெருமழை பிடித்தது. வெள்ளம் ஊருக்குள் ஏறியபோது முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அந்தச் சந்தில் முட்டி மோதி நின்றுவிட்டார்கள். பாதி முட்டைகள் தண்ணீரோடு போயின. பிழைத்தவர்கள் மேட்டில் கூடி அழுதார்கள். இப்படி ஓர் ஊர் இனி வேண்டாம் என்று முடிவாயிற்று.

புது ஊர் கட்டக் கரையான் மேஸ்திரியை அழைத்தார்கள். மண்ணையும் எச்சிலையும் மட்டும் வைத்து ஆளுயரத்துக்குப் புற்று எழுப்புகிறவர். அவருக்குக் கண் தெரியாது. முகம் பார்த்துப் பேசுவதில் என்ன இருக்கிறது என்று அவர் அறிந்ததில்லை. வேலை சுத்தமாக இருந்தால் போதாதா என்று ஊரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போவதற்கு ஒரு பாதை, வருவதற்கு ஒரு பாதை, நடுவில் நெடுக ஒரு மண்சுவர். இதுதான் அவர் போட்ட திட்டம். பாதைகள் இரண்டும் இரு கோடிகளில்தான் வளைந்து சேரும். யாரும் நிற்கக் கூடாது, நடுவழியில் திரும்பக் கூடாது. அறைகளையும் வேலைவாரியாகப் பிரித்தார். முட்டை பார்க்கிறவர்கள் ஒரு கோடியில், தானியம் சுமக்கிறவர்கள் மறு கோடியில். குறை சொல்ல வழியில்லை. அடுத்த மழையில் ஒரு முட்டைகூட நனையவில்லை.

பாவாயி தானியம் சுமக்கிறவள். அவளுடைய அக்கா நல்லாத்தாள் முட்டை பார்க்கிறவள். பழைய ஊரில் இருவரும் ஒரே பொந்தில் கால்மேல் கால் போட்டுத் தூங்கியவர்கள். குடிபெயர்ந்த அன்று அக்கா முட்டைக் கூட்டத்தோடு முன்னால் போனாள். போனவளைப் பாவாயி அதன்பிறகு பார்க்கவே இல்லை.

ஆனால் வாசம் வந்தது. முட்டைகளை வெயில் காட்டத் தூக்கிப்போகும் அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் எதிரே வருவாள். வாசம் நெருங்கும், ஒரு நொடி பக்கத்திலேயே இருக்கும், பின்னால் போய்விடும். அந்த ஒரு நொடிக்காகத்தான் பாவாயி சுமை தூக்கினாள் என்றே சொல்லலாம்.

ஒருநாள் மேஸ்திரியிடம் போய் நின்றாள்.

"ஏனுங்க, சுவத்துக்கு அந்தப் பக்கம் எங்கக்கா போறாங்க. ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடறேனுங்க."

"கடைசி வரைக்கும் போயி வளைஞ்சு அந்தப் பாதையில வா அம்மிணி. உன்னய யாரு தடுத்தா?" என்றார் அவர்.

அப்படியே செய்தாள். அவள் வளைந்து அந்தப் பாதைக்கு வருவதற்குள் அக்கா மறு கோடியில் வளைந்து இந்தப் பாதைக்கு வந்திருந்தாள். மறுபடியும் நடுவில் சுவர். வேகமாக நடந்து பார்த்தாள், முன்னால் இருந்தவர்கள் திட்டினார்கள். மெதுவாக நடந்தாள், பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். மேஸ்திரி பொய் சொல்லவில்லை, யாரும் தடுக்கத்தான் இல்லை. பாதைதான் அப்படி இருந்தது.

நாளாக ஆக அக்காவின் வாசம் மெலிந்தது. வயதாகிறது, இனி அதிக நாள் இல்லை என்று பாவாயிக்குப் புரிந்துவிட்டது. அன்று அந்த வாசம் பக்கத்தில் வந்து கடந்தபோது, தூக்கியிருந்த நொய்யைக் கீழே போட்டுவிட்டு நடுவழியில் திரும்பினாள்.

பின்னால் வந்துகொண்டிருந்தவளின் முகத்தில் முட்டிக்கொண்டாள். "எங்கக்கா நல்லாத்தாளப் பாத்தியா?" என்று கேட்டாள் பாவாயி.

வந்தவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. "இல்லியே. நீ எங்க அத்தைய எங்கியாச்சும் கண்டியா?"

அவளுக்குப் பின்னால் இருந்தவளும் யாரையோ கேட்டாள். அதற்குப் பின்னால் இருந்தவளும் கேட்டாள். இத்தனை காலமும் ஊர் முழுக்க ஆளுக்கொருத்தியைத் தேடிக்கொண்டே சுமை தூக்கியிருக்கிறது. பாதை அப்படியே நின்றுபோயிற்று.

மேஸ்திரி பதறி ஓடிவந்தார். "ஊரே நிக்குது, திரும்பு."

"நிக்கட்டுமுங்க. இத்தன நாளா நடந்துட்டேதான இருக்கோம்."

சொல்லிவிட்டு வாசம் வந்த இடத்தில் சுவரைக் கடித்தாள். மற்றவர்களும் கடித்தார்கள். நெடுஞ்சுவர் பொலபொலவென்று சரிந்தது. தான் கட்டியதைத் தன் எதிரிலேயே இடித்தவர்களோடு இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்லிவிட்டு மேஸ்திரி மண்ணுக்குள் போய்விட்டார்.

இரண்டு பாதைக்காரர்களும் ஒன்றாகக் கலந்தார்கள். அத்தைகளும் தங்கைகளும் கிடைத்தார்கள், ஒரே அழுகை. பாவாயி மட்டும் அசையாமல் நின்றாள். எல்லோர் வாசமும் ஒன்றோடொன்று கலந்து ஒரே ஊர் வாசமாகிவிட்டது. அதில் அக்காவின் வாசம் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. சுவர் இருந்தவரை முகம்தான் இல்லை, வாசமாவது இருந்தது. எனக்கே அந்த இடத்தில் மனசு கேட்பதில்லை.

பிறகு எதிரே வந்தவளிடம் போய், முகத்தோடு முகம் வைத்துக் கேட்டாள். அவள் இல்லை என்றதும் அடுத்தவளிடம் கேட்டாள்.

அன்று முதல்தான், எவ்வளவு அகலமான தரை கிடைத்தாலும் எறும்புகள் போவதும் வருவதும் ஒரே தடத்தில். எதிரே வருகிற ஒருத்தியையும் விடாமல் நின்று, முகத்தோடு முகம் வைத்து ஒரு வார்த்தை கேட்கின்றன. கேட்டதும் நகர்ந்து அடுத்தவளிடம் போகின்றன. நல்லாத்தாள் இன்னும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.