சாணிக் கரியும் எருமையின் நிபந்தனையும்

மாடும் மனுஷரும் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், எருமையிடம் ஒன்று கேட்டால் பதில் வர நேரமாகும். பானை வனையும் வெள்ளத்தாய்க்கு அந்தப் பொறுமை கிடையாது. சந்தையில் ஒரு சட்டியைக்கூட அவள் சண்டை போடாமல் விற்றதில்லை.

ஒரு கோடையில் ஊர்க்கிணற்றுத் தண்ணீர் நீலமாகி நாறியது. மேட்டுத் தெருச் சாயக்காரர்கள் கழிவை எங்கே கொட்டுகிறார்கள் என்று ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. கிணற்றை ஒட்டி எருமைகளின் சாணிக்குவியல் கிடந்தது. பழிபோட அது போதும். வெள்ளத்தாயின் கைக்குழந்தை குடித்ததையெல்லாம் கக்கியது. அவளே முன்னால் நின்று காரி என்ற எருமையையும் அதன் கூட்டத்தையும் மொட்டைப்பாறைக்கு விரட்டினாள். காரி ஏதோ சொல்ல வாயெடுத்தது. கேட்க அவள் நிற்கவில்லை.

எருமைகள் போயும் தண்ணீர் தெளியவில்லை. குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

அந்த ஆத்திரத்தோடு, மிச்சமிருந்த எருமைச்சாணி வறட்டியை வைத்துச் சூளை மூட்டினாள். மேலே மண்ணை அப்பியவள் புகை போக ஓட்டை விட மறந்துவிட்டாள். பிரித்துப் பார்த்தால் பானைகள் அரைவேக்காடு. வறட்டியும் சாம்பலாகாமல் கன்னங்கரேலென்று கரியாகிக் கிடந்தது. திட்டிக்கொண்டே கரியை ஓர் ஓட்டைப் பானையில் அள்ளிப்போட்டு, கங்கு அணைய நீலத் தண்ணீரை ஊற்றினாள்.

அடியில் முதலில் கறுப்பாய்ச் சொட்டியது. பிறகு தெளிந்தது. மோந்து பார்த்தாள்; நாற்றமில்லை. கொதிக்க வைத்து, ஆற்றிப் புகட்டினாள். குழந்தை கக்கவில்லை.

ஆனால் சில குடங்களிலேயே கரி ஓய்ந்து, சொட்டில் மறுபடி நீலம் தட்டியது. வறட்டியும் தீர்ந்துவிட்டது. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மொட்டைப்பாறைக்கு ஓடினாள்.

மன்னிப்புக் கேட்க நாக்கு எழவில்லை, பேரம்தான் வந்தது. சாணி தந்தால் பருத்திக்கொட்டை தருவதாகச் சொன்னாள். பிண்ணாக்கையும் சேர்த்தாள். காரி அசைபோட்டது.

"என்ன வேணும்னு சொல்லித் தொலையேன். புள்ள கெடக்கு அங்க."

"தெளிஞ்ச தண்ணியில மொதக் குடம் எங்களுக்கு."

"சரி."

"இன்னொண்ணு, தாயி. நீ வெரட்டுன வெரட்டுல எங்க கன்னுக்குட்டி கால் இடறி விழுந்துச்சு. இனிமே பாதையில எங்கள யாரும் அவசரப்படுத்தக் கூடாது."

"பாதிப் பாதை விடுறோம். ஓரமா நடந்துக்க."

"முழுசும்."

வாழ்நாளில் முதல்முறையாக வெள்ளத்தாய் கேட்ட விலைக்கே ஒத்துக்கொண்டாள்.

எருமைகள் ஆடி அசைந்து ஊருக்குத் திரும்பின. வீட்டுக்குப் பறக்க வேண்டும்போல் இருந்தும், வாக்குக் கொடுத்துவிட்டாளே. பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். தெருமுனையில் குழந்தையின் குரல் கேட்டது. ஊரே காதைப் பொத்தும்படி தண்ணீருக்கு அழுதுகொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

பிறகு, கழிவைக் கொட்டிய சாயக்காரர்களிடம் அவள் போட்ட சண்டை தனி.

அந்த நாளில் தொடங்கியதுதான், அந்தப் பக்கத்து வீடுகளில் வறட்டிக் கரிப் பானையில் தண்ணீர் வடிப்பதும், முதல் குடத்தை எருமைத் தொட்டியில் ஊற்றுவதும். நீங்கள் எத்தனை ஹாரன் அடித்தாலும் எருமை நடுரோட்டில் நின்று உங்களையே பார்ப்பதும் அதனால்தான். பேசி முடித்த பேச்சு அல்லவா?