மேலே போன பந்து

எங்கள் பொறியியல் கல்லூரியின் கால்பந்து அணி மூன்று வருஷமாக ஒரு கோல் கூடப் போட்டதில்லை. பி.டி. மாஸ்டர் நான்தான் என்பதால் இதைச் சொல்லிக்கொள்ள வேண்டியதும் நான்தான். பசங்கள் நன்றாக ஓடுவார்கள். பந்தும் நன்றாக ஓடும். இரண்டும் ஒரே பக்கமாக ஓடியதில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் தாளாளர் நாச்சிமுத்து என்னைக் கூப்பிட்டு முடிவாகச் சொல்லிவிட்டார். "ஏனுங்க பி.டி., இந்த வருசமும் கோல் இல்லீன்னா கிரவுண்டுல பஸ் செட்டு போட்டுருவனுங்க. முப்பது பஸ்ஸு வெயில்ல நிக்குது."

மைதானமே போய்விட்டால் அப்புறம் நான் எதற்கு? கோல் அடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கென்றே ஒரு தொழில்முறை கோச்சை வைத்துப் பார்க்கலாம் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சி விளம்பரம் கொடுக்க வைத்தேன். வந்தது ஒரே ஆள், வியாசர்பாடி டெல்லிபாபு.

நேர்காணல் தாளாளர் அறையில் நடந்தது. முதல்வர் ஹேமலதா மேடமும் இருந்தார். அவர் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர், யார் எதைச் சொன்னாலும் லேசில் நம்பமாட்டார். டெல்லிபாபு கழுத்தில் விசிலோடு வந்து உட்கார்ந்தார்.

"மொதல்லயே சொல்லிடறேன் சார். டிஃபென்ஸ் பக்கம் நான் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன். எனக்குக் கோல் போடறது மட்டும்தான்."

"இதற்கு முன்னாடி எங்கே இருந்தீங்க?" என்றார் மேடம்.

"மெட்ராஸ்ல ஒரு காலேஜ் மேடம். நான் போறசொல்ல பசங்க பந்தைப் பார்த்தாலே ஒதுங்கி வழி விடுவானுங்க. ஒரே மாசம். அடிக்கிற அடியில வலை கிழியுது. டெய்லி ஒரு வலை. சரின்னுட்டு காசிமேட்டுல மீன் புடிக்கிற வலை வாங்கியாந்து கட்னேன். அது கிழியல. ஆனா கம்பத்தோட பேத்துக்குச்சு. கோல் போஸ்ட் அப்படியே பறந்து போயி எதிர் கோல் போஸ்ட் பக்கத்துல நின்னுச்சு. ரெண்டு கோலும் ஒரே பக்கம். எதிர் டீமு எந்தப் பக்கம் ஓடறதுன்னே தெரியாம நடுவுல குந்திட்டானுங்க."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். தாளாளர் முறுக்கைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுக்கே இப்படின்னா எப்படி மேடம்? சின்னான்னு ஒரு பையன். அவன் ஓடறது கண்ணுக்கே தெரியாது. ஃபைனல்ல சாயங்கால வெயில் முதுகுல அடிக்குது. நிழல் முன்னாடி உழுது. பந்தை வாங்கிகினு ஓடறான், லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிட்டாரு. இன்னா சார்னா, பையன் கரெக்டாதான் இருக்கான், நிழல் ஆஃப்சைடுன்றாரு. அதுக்கப்புறம் எங்க மேட்ச் எல்லாம் உச்சி வெயில்லதான்."

"நிழலுக்கு ஏது ஆஃப்சைடு?" என்று மேடம் என் பக்கம் திரும்பினார்.

ஒரு கோலுக்காக நான் எதையும் நம்பத் தயாராக இருந்தேன். "விதிப் புத்தகத்தில் நிழலைப் பற்றி ஒன்றும் போடவில்லை மேடம்," என்றேன். டெல்லிபாபு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"பி.டி. சாருக்கு வெவரம் தெரியுது. இன்னும் கேளுங்க. இன்னொரு ஃபைனல்ல கடைசி நிமிஷம், ஃப்ரீ கிக். மார்ட்டின்னு ஒருத்தன் ஓங்கி ஒரு ஒதை உட்டான். பந்து நேரா மேல போச்சு. அண்ணாந்து பாக்கறோம், வரல. ரெஃபரி அரை மணி நேரம் காத்துகினு இருந்துட்டு வூட்டுக்குப் போயிட்டாரு. அடுத்த வருஷம் அதே கப்பு, அதே ஃபைனல். விசில் அடிச்சு ரெண்டாவது நிமிஷம் பந்து கீழ வந்து கோலுக்குள்ள உழுந்துச்சு. மார்ட்டின் அப்ப படிப்பு முடிச்சு, கல்யாணம் ஆயி, குழந்தையத் தூக்கிகினு மேட்ச் பாக்க வந்திருந்தான்."

"ஒரு வருஷம் மேலேயே இருந்ததா? காற்று எப்படி மிச்சம் இருந்தது?" என்று மேடம் விடவில்லை.

"பாதி காத்துதான் இருந்துச்சு மேடம். நான் பொய் சொல்ல மாட்டேன்."

தாளாளர் வாயைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் ஏனுங்க அந்தக் காலேஜ விட்டீங்க?"

"வேலையே இல்ல சார். எங்க டீம் வருதுன்னு லெட்டர் போட்டா போதும், எதிர் டீமு கோல்கீப்பரே அஞ்சு கோல் போட்டுகினு கையெழுத்துப் போட்டு அனுப்பிடறான். பசங்க ஷூவே போடறதில்ல."

தாளாளர் நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரிங்க. நம்ம காலேஜப் பத்தியும் நீங்க தெரிஞ்சுக்கோணுமில்லீங்க? இங்க நூத்துக்கு நூறு பேருக்கு வேலைங்க. படிச்சு முடிக்கறதுக்கு முன்னாலயே. போன வருசம் ஒரு பையன் அப்ளிகேசன் வாங்க வந்தானுங்க. கேட்டுலயே கம்பெனிக்காரங்க புடிச்சு வேலை குடுத்துக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவன் இன்னும் காலேஜ்லயே சேரலீங்க. ஹாஸ்டல் சாப்பாடு ருசியா இருக்குதுன்னு பெத்தவங்களும் வந்து தங்கிக்கறாங்க. இடம் பத்தலைன்னுதான் ரெண்டாவது ஹாஸ்டல் கட்டறமுங்க."

அவர் முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லை. நானும் மேடமும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். போன வருஷம் படிப்பு முடித்தவர்களில் நாலு பேர் எங்கள் கல்லூரி பஸ்ஸையே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

டெல்லிபாபு மெதுவாக எழுந்தார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

"கோச் வேலை வாணாம் சார். என்னை உங்களாண்ட அசிஸ்டென்டா சேத்துக்குங்க."

சேர்த்துக்கொண்டார். டெல்லிபாபு இப்போது அட்மிஷன் பிரிவில் இருக்கிறார். புதிய விளம்பரப் புத்தகத்தை அவர்தான் எழுதினார். முதல் பக்கத்திலேயே எங்கள் கால்பந்து அணியைப் பற்றி எழுதியிருக்கிறார், படித்தபோது எனக்கே புல்லரித்தது. அந்தப் பக்கத்துக்கு மைதானத்தின் படம் வேண்டியிருந்ததால் பஸ் ஷெட் யோசனையைத் தாளாளர் கைவிட்டார். பஸ்கள் வெயிலில்தான் நிற்கின்றன. எனக்கு நிம்மதி.

நேற்று மைதானத்து ஓரமாக வந்த தாளாளர் காரை நிறுத்தி, "ஏனுங்க பி.டி., இந்த வருசமாவது கோல் உழுந்துச்சுங்களா?" என்றார்.

"அடிச்சாச்சுங்க சார்," என்றேன். "பந்து இன்னும் கீழே வரலை."